தவறே செய்யாதவர்தான் சிறந்த பீல்டரா?

உங்கள் பள்ளிக் கிரிக்கெட் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி இருக்கிறது. அதற்கு இரண்டு மாணவிகள் போட்டியிடுகிறார்கள். ஒருவரை ‘அ’ என்றும் மற்றவரை ‘ஆ’ என்றும் அழைப்போம். மட்டை பிடிப்பதிலும் பந்து வீசுவதிலும் இருவரும் சமம். ஆகவே பீல்டிங்கை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பருவம் முழுவதும் இருவரும் மைதானத்தின் ஒரே பகுதியில் மாறிமாறி நின்றார்கள். ‘அ’ ஒரு கேட்சைக்கூட நழுவவிடவில்லை. ‘ஆ’ 6 கேட்சுகளை நழுவவிட்டாள். யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘அ’வைத்தான்!” என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். ஆம்பூர்ப் பக்கத்தில் வறண்ட பாலாற்று மணலில் ஆடும் சிறுவர்களைக் கேட்டாலும், வேலூர் நேதாஜி விளையாட்டரங்கில் பயிற்சி பெறுகிறவர்களைக் கேட்டாலும் இந்தப் பதிலே கிடைக்கும். ஆனால் அவசரப்படாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக மாறவும் கூடும். அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகக் கற்கப் போகிறோம்.

ஏட்டில் ஏறாத ரன்கள்

கிரிக்கெட் ஆட்டத்தின் ஸ்கோர் ஏட்டைப் பார்த்திருப்பீர்கள். யார் எத்தனை ரன் அடித்தார், யார் எத்தனை விக்கெட் எடுத்தார் என்பது அதில் துல்லியமாக இருக்கும். பீல்டரைப் பற்றி என்ன இருக்கிறது? பிடித்த கேட்ச், ரன் அவுட், விக்கெட் கீப்பர் செய்த ஸ்டம்பிங், இவ்வளவுதான். பாய்ந்து விழுந்து தடுத்த நான்கு ரன்களுக்கு அங்கே இடமில்லை.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியா 298 ரன் எடுத்தது. தென்னாப்பிரிக்கா 246 ரன்னில் ஆட்டமிழக்க, இந்தியா 52 ரன் வித்தியாசத்தில் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த ஆட்டத்தில் எதிரணியின் முதல் விக்கெட்டை வீழ்த்தியது பந்து வீச்சு அல்ல. அமன்ஜோத் கௌர் நேராக ஸ்டம்பை நோக்கி எறிந்த பந்து. பின்னர் 101 ரன் எடுத்து நின்ற தென்னாப்பிரிக்கத் தலைவி லாரா வோல்வார்ட் தூக்கி அடித்த பந்தையும் அவரே பிடித்தார். பந்து கையில் பட்டு எகிறியது, மீண்டும் எகிறியது, மூன்றாவது முயற்சியில்தான் பிடிபட்டது. ஸ்கோர் ஏட்டில் இது எப்படிப் பதிவாகியிருக்கிறது? கேட்ச் அமன்ஜோத் கௌர், பந்து வீச்சு தீப்தி சர்மா. நெஞ்சுயரத்தில் வந்து விழும் எளிய பந்தைப் பிடித்திருந்தாலும் இதே எழுத்துகள்தாம்.

சரி, பிடித்த கேட்சுகளை எண்ணினால் போதாதா? அதையும் செய்து பார்ப்போம். ராகுல் திராவிட் 164 டெஸ்டுகளில் 210 கேட்சுகள் பிடித்தார். 2025-இல் இங்கிலாந்தின் ஜோ ரூட் முந்தும்வரை இதுவே உலகச் சாதனை. அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டுகளில் 53 கேட்சுகள் பிடித்தார். மொத்தத்தைப் பார்த்தால் திராவிட் எங்கோ இருக்கிறார். ஆனால் ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்.

திராவிட்: 210 ÷ 164 = 1.28
சோல்கர்: 53 ÷ 27 = 1.96

இப்போது சோல்கர் முன்னே வந்துவிட்டார்! அப்படியானால் சோல்கர்தான் உயர்ந்தவரா? அதுவும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக் கூடியதல்ல. திராவிட் பெரும்பாலும் ஸ்லிப்பில் நின்றவர். சோல்கர் மட்டையாளருக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில், தலைக்கவசம் கூட இல்லாமல் நின்றவர். அவர் காலத்தில் பந்து வீசியவர்கள் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் ஆகிய சுழல் வீச்சாளர்கள். 1971-இல் ஓவல் மைதானத்தில் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட்டை அவர் பாய்ந்து பிடித்த கேட்ச், இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வெல்ல உதவியது. அத்தகைய வீச்சாளர்கள் இருந்ததால் சோல்கர் நின்ற இடத்துக்குப் பந்துகள் அடிக்கடி வந்தன. பந்து வந்தால்தானே பிடிக்க முடியும்?

ஆகவே முதல் பாடம் இது: எத்தனை பிடித்தார் என்று கேட்கும்போதே, எத்தனை வாய்ப்பு வந்தது, அவை எவ்வளவு கடினமானவை என்றும் கேட்க வேண்டும்.

தோலை எப்படி அளக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல உவமை நம் வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் உள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு முறை பரவியது. எந்த முறையில் பதனிட்டாலும், விற்பதற்கு முன் தோலை இரண்டு விதமாக மதிப்பிட்டாக வேண்டும்.

முதலாவது பரப்பு. ஒரு தோல் சதுரமும் அல்ல, வட்டமும் அல்ல. கழுத்து, கால், வயிறு என்று ஓரமெல்லாம் வளைந்திருக்கும். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு கிடைக்காது. ஆகவே தோலை ஓர் அளவைப் பொறிக்குள் செலுத்துகிறார்கள். தோல் நகர நகர, அது மறைக்கும் இடத்தைச் சிறுசிறு துண்டுகளாக அந்தப் பொறி உணர்ந்து கூட்டிக்கொண்டே போய், கடைசியில் இத்தனை சதுர அடி என்று காட்டிவிடும். பழைய பொறிகளில் ஊசிச் சக்கரங்கள் இந்த வேலையைச் செய்தன. புதியவற்றில் ஒளி உணர்விகள் செய்கின்றன.

இரண்டாவது தரம். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூட்டுக்குறி, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, இவற்றையெல்லாம் அனுபவம் வாய்ந்த தொழிலாளர்கள் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் தோலைத் தரவாரியாகப் பிரிக்கிறார்கள். பெரிய தோல் என்பதால் மட்டும் அது அதிக விலை பெறாது. மாசற்ற தோல் என்றாலும் உள்ளங்கை அளவுதான் இருந்தால் காலணிக்கு உதவாது. பரப்பு, தரம் இரண்டும் சேர்ந்ததே மதிப்பு.

பீல்டருக்கும் இதே இரண்டும் உண்டு. கைக்கு எட்டிய பந்தைத் தவறாமல் பிடிக்கிறாரா என்பது தரம். எவ்வளவு தூரத்துப் பந்தை எட்டுகிறார் என்பது பரப்பு. நழுவவிட்ட கேட்சுகளை மட்டும் எண்ணுகிறவர் தோலில் கீறலை மட்டும் பார்த்துவிட்டு அதன் அளவைப் பார்க்க மறந்தவரைப் போன்றவர்.

கால் வினாடியின் கணக்கு

பரப்பு எவ்வளவு முக்கியம்? ஒரு சிறு கணக்கு போடுவோம். உயரே அடிக்கப்பட்ட பந்து 1.5 வினாடியில் தரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பீல்டர்களும் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவர்கள். ஓட்டத்தில் இருவரும் சமம். ஆனால் முதலாமவர் பந்து போகும் திசையைக் கணித்துக் காலை எடுத்து வைக்க 0.5 வினாடி ஆகிறது. இரண்டாமவருக்கு 0.25 வினாடியே போதும்.

முதலாமவருக்கு ஓட மீதியுள்ள நேரம் 1 வினாடி. அவர் எட்டக்கூடிய தூரம் 6 மீட்டர். இரண்டாமவருக்கு மீதி 1.25 வினாடி. அவர் எட்டக்கூடிய தூரம் 7.5 மீட்டர். வித்தியாசம் ஒன்றரை மீட்டர்தானே என்று நினைக்கிறீர்களா? பீல்டர் ஒரே திசையில் மட்டும் ஓடுவதில்லை. நாலாபுறமும் ஓடலாம். ஆகவே அவர் காவல் காக்கும் இடம் ஒரு வட்டம். அவர் எட்டும் தூரம் அதன் ஆரம். வட்டத்தின் பரப்பைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்.

முதலாமவர்: 22/7 × 6 × 6 = சுமார் 113 சதுர மீட்டர்
இரண்டாமவர்: 22/7 × 7.5 × 7.5 = சுமார் 177 சதுர மீட்டர்

தூரம் 25 சதவீதம் கூடியபோது பரப்பு 56 சதவீதம் கூடிவிட்டது! பரப்பு ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதே காரணம். உண்மையில் பின்னோக்கி ஓடுவது முன்னோக்கி ஓடுவதைவிடக் கடினம் என்பதால் இந்த வட்டம் சற்று நசுங்கியே இருக்கும். ஆனாலும் கால் வினாடி முந்திக்கொள்பவர் ஒன்றரை ஆள் அளவுக்கு இடத்தைக் காக்கிறார் என்பது பெரும்பாலும் சரியே. எங்கோ பார்த்துக்கொண்டு நிற்காதே என்று உடற்பயிற்சி ஆசிரியர் கத்துவதற்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

தங்கக் கையுறைத் தகராறு

இந்தச் சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டம் கிரிக்கெட்டுக்கு உறவு முறை. அதிலும் ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் உருட்டு மட்டையால் அடிப்பார், மற்றவர்கள் பிடிப்பார்கள். பந்தின் மேல் உறை அங்கும் தோல்தான். பிடிப்பவர் ஒரு கையில் பெரிய தோல் கையுறை அணிந்திருப்பார். அந்த ஆட்டத்தின் புள்ளிவிவர ஏட்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதியவர்.

பேஸ்பால் ஏட்டில் ‘பிழை’ என்று ஒரு பத்தி உண்டு. சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவர் கோட்டைவிட்டார் என்று ஸ்கோரர் கருதினால் அது பிழை. பிழை குறைந்தவரே சிறந்த பீல்டர் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். இதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? எட்டாத பந்தில் பிழை செய்ய முடியாது! மெதுவாக நகர்கிறவர் பந்தின் அருகே போகவே மாட்டார். ஆகவே அவர் கணக்கில் பிழையும் ஏறாது. ஓடிப்போய்க் கையை நீட்டியவர்தான் மாட்டிக்கொள்வார்.

1957 முதல் கையுறை தயாரிக்கும் ஒரு நிறுவனம் சிறந்த பீல்டர்களுக்குத் தங்கக் கையுறை விருது வழங்கி வருகிறது. அணி மேலாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1999-இல் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் தளம் என்ற இடத்துக்கான விருது ரஃபேல் பால்மேரோ என்பவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு அவர் அந்த இடத்தில் நின்று ஆடியதோ வெறும் 28 ஆட்டங்கள்தாம். மற்ற பெரும்பாலான ஆட்டங்களில் அவர் மட்டை பிடிக்க மட்டுமே இறங்கினார். முந்தைய ஆண்டுகளின் புகழ் வாக்குகளை வாங்கித் தந்துவிட்டது.

நியூயார்க் அணியின் டெரிக் ஜீட்டர் 5 முறை இந்த விருதைப் பெற்றவர். அந்தரத்தில் துள்ளியபடியே பந்தை எறிவது அவருடைய முத்திரை, பார்ப்பவர்கள் சொக்கிப்போவார்கள். ஆனால் எட்டும் பரப்பைக் கணக்கிட்டவர்கள் அவர் சராசரிக்கும் கீழே இருக்கிறார் என்றார்கள். கண் ஒன்று சொன்னது, கணக்கு வேறொன்று சொன்னது. ஆட்டமில்லாத குளிர்காலத்தில் அமெரிக்க ரசிகர்கள் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து இப்படிப்பட்ட வாதங்களில் இறங்குவது பழைய வழக்கம். நம் ஊர் டீக்கடை வாதம் மாதிரிதான்.

வாதத்தைக் கணிதத்தின் பக்கம் திருப்பியவர்களில் ஒருவர் பில் ஜேம்ஸ். அவர் பேராசிரியர் அல்ல. 1970-களில் கான்சாஸ் மாநிலத்தில் பீன்ஸ் டப்பா அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்தவர். இரவு நேரத் தனிமையில் பழைய ஆட்டக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்து எழுதி, 1977-இல் தம் ஆய்வைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பீல்டர் செய்த பிழைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அவர் செய்து முடித்த வேலைகளை எண்ணுங்கள் என்பது அவருடைய யோசனை.

பின்னாளில் கருவிகள் வந்தன. 2015 முதல் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அரங்குகள் அனைத்திலும் பந்தின் பாதையையும் ஆட்டக்காரர்களின் ஓட்டத்தையும் அளக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. தங்கக் கையுறை விருதிலும் 2013 முதல் ஏறக்குறைய கால் பங்கு எடை புள்ளிவிவரத்துக்குத் தரப்படுகிறது. மீதி முக்கால் பங்கு வாக்குகளுக்கே.

எதிர்பார்ப்புக் கணக்கு

அந்தக் கருவிகள் செய்யும் கணக்கின் சாரத்தை நாம் ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே செய்துவிடலாம். வேண்டியது நிகழ்தகவு என்ற ஒரே கருத்து.

பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது, பீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது என்ற இரண்டையும் வைத்துப் பந்துகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என்று பிரியுங்கள். பிறகு எல்லாப் பீல்டர்களையும் சேர்த்து, ஒவ்வொரு வகையிலும் 100 பந்துகளில் எத்தனை பிடிபட்டன என்று பாருங்கள். எளியவற்றில் 90, நடுத்தரத்தில் 50, கடினத்தில் 20 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிகழ்தகவு முறையே 0.9, 0.5, 0.2. சராசரிப் பீல்டரிடம் நாம் எதிர்பார்க்கக் கூடியது இவ்வளவுதான்.

இனி ஒவ்வொரு பந்துக்கும் மதிப்பெண் போடலாம். பிடித்தால் 1, பிடிக்காவிட்டால் 0. அதிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்துவிடுங்கள். எளிய பந்தைப் பிடித்தால் கிடைப்பது 1 − 0.9 = 0.1 மட்டுமே. அதை விட்டுவிட்டால் 0 − 0.9, அதாவது 0.9 நஷ்டம். கடினமான பந்தைப் பிடித்தால் 0.8 லாபம். விட்டுவிட்டால் நஷ்டம் 0.2தான். இந்தக் கணக்கின் நியாயத்தைக் கவனியுங்கள். எட்டாக்கனிக்குக் கை நீட்டித் தவறவிட்டவரை இது கடுமையாகத் தண்டிப்பதில்லை. அதே சமயம், நின்ற இடத்திலேயே நின்று அந்தப் பந்தைப் போகவிட்டவரையும் சும்மா விடுவதில்லை. அவருக்கும் அதே 0.2 நஷ்டம் உண்டு.

இப்போது நம் ‘அ’, ‘ஆ’ இருவரிடமும் திரும்புவோம். பருவம் முழுவதும் ஒவ்வொருவர் பக்கமும் 42 பந்துகள் வந்தன.

| பந்தின் வகை | வந்தவை | எதிர்பார்ப்பு | ‘அ’ பிடித்தவை | ‘ஆ’ பிடித்தவை |
|---|---|---|---|---|
| எளியவை | 20 | 18 | 20 | 18 |
| நடுத்தரம் | 12 | 6 | 4 | 9 |
| கடினம் | 10 | 2 | 0 | 4 |
| மொத்தம் | 42 | 26 | 24 | 31 |

‘அ’வின் கைக்கு எட்டியவை 24. அத்தனையையும் பிடித்தாள். மீதி 18 பந்துகளை அவள் எட்டவே இல்லை. ‘ஆ’வின் கை 37 பந்துகளில் பட்டது. 31 பிடிபட்டன, 6 நழுவின. பிழை முறைப்படி ‘அ’வுக்கு 100 சதவீதம், ‘ஆ’வுக்குச் சுமார் 84 சதவீதம். எதிர்பார்ப்புக் கணக்கின்படியோ ‘அ’ சராசரியைவிட 2 குறைவு. ‘ஆ’ சராசரியைவிட 5 அதிகம். அணிக்கு ‘ஆ’வால் கிடைத்த கூடுதல் விக்கெட்டுகள் 7!

ஒவ்வொரு முறை நழுவவிட்டபோதும் ‘ஆ’வைத் தோழிகள் திட்டியிருப்பார்கள். ‘அ’ எட்டாமல் விட்ட 18 பந்துகளுக்காக யாரும் அவளைத் திட்டியிருக்க மாட்டார்கள். இப்படியே போனால் ‘ஆ’ என்ன கற்றுக்கொள்வாள்? ஓடாமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதானே? தவறான அளவுகோல் தவறான ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்பதில்லை. நன்றாக ஆடுகிறவரையும் கெடுத்துவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கணக்கு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 10 கடினமான பந்துகளில் சராசரிப் பீல்டர் 2 பிடிப்பார் என்றோம். அவருக்கே வெறும் அதிர்ஷ்டத்தால் 4 அல்லது அதற்கு மேல் பிடிபடுவது சுமார் எட்டில் ஒரு முறை நடக்கக் கூடியதே. 10 பந்துகள் போதாது. ஆட்டங்கள் பெருகப் பெருகத்தான் திறமையும் அதிர்ஷ்டமும் பிரிந்து தெரியும்.

விலையும் மதிப்பும்

2025 நவம்பரில் ஐ.பி.எல். ரசிகர்களிடையே ஒரு பெரிய வாதம் கிளம்பியது. 2012 முதல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் தூண்களில் ஒருவராக இருந்தவர் ரவீந்திர ஜடேஜா. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடி ரூபாய் ஆனது. சாம்சனுக்கு 18 கோடி. இந்த மாற்றம் லாபமா, நஷ்டமா?

மட்டை வீச்சுக்கும் பந்து வீச்சுக்கும் எண்களை அடுக்கி வாதாடினார்கள். ஆனால் ஜடேஜா உலகின் தலைசிறந்த பீல்டர்களில் ஒருவர். அவர் தடுத்த ரன்கள் எத்தனை? அவர் கையில் பந்து இருக்கிறது என்ற பயத்தில் எதிரணியினர் ஓடாமல் விட்ட ரன்கள் எத்தனை? ஸ்கோர் ஏட்டில் இவற்றுக்குப் பத்தியே கிடையாது.

இந்த மதிப்பை எப்படிக் கணக்கிடுவது? ஆம்பூரிலுள்ள ஒரு காலணித் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். கைதேர்ந்த தையல்காரர் ஒருவர் நாளொன்றுக்கு 60 ஜோடி மேல்தோல் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விடுப்பு எடுத்தால் உடனே கிடைக்கக்கூடிய புதியவர் 40 ஜோடி தைப்பார். அப்படியானால் அன்றைய உற்பத்தியில் ஏற்படும் குறைவு 60 அல்ல, 20 ஜோடிதான். பேஸ்பாலிலும் ஆட்டக்காரரின் மதிப்பை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். எளிதில் கிடைக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரரைவிட இவர் எத்தனை ரன் கூடுதலாக அடித்தார், எத்தனை ரன் கூடுதலாகத் தடுத்தார் என்று கூட்டுகிறார்கள். அங்கே ஏறக்குறைய 10 ரன்கள் ஒரு வெற்றிக்குச் சமம். அடித்த 10 ரன்னும் தடுத்த 10 ரன்னும் ஒன்றே.

ஐ.பி.எல்.லுக்கும் இதைப் பொருத்தலாம். ஒரு பீல்டர் மாற்று ஆளைவிட ஆட்டத்துக்கு 4 ரன் அதிகமாகத் தடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 14 லீக் ஆட்டங்களில் 56 ரன். இதை அவர் மட்டையால் அடித்திருந்தால் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் விலையை நிர்ணயிப்பது இந்த மதிப்பு மட்டுமல்ல. விக்கெட் கீப்பர் தேவைப்படும் அணி கீப்பருக்கு அதிகம் கொடுக்கும். வயதும் பார்க்கப்படும். அந்த மாற்றத்தின்போது ஜடேஜாவுக்கு 36 வயது, சாம்சனுக்கு 31. ஆகவே 14 கோடியையும் 18 கோடியையும் பார்த்து, இவர் அவரைவிடச் சிறந்த ஆட்டக்காரர் என்று முடிவு கட்ட முடியாது.

கணக்கில் எழுதாததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பாலாற்றங்கரை மக்கள் பட்டு அறிந்தவர்கள். பதனிட்ட தோலின் விலையில் ரசாயனம், கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்திருந்தன. கழிவுநீரால் கெட்ட கிணறும் வயலும் நெடுங்காலம் அதில் சேரவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு உறுதி செய்தது. ஏட்டில் இல்லாத செலவும் செலவுதான். ஏட்டில் இல்லாத ரன்னும் அப்படியே.

நீங்களே செய்து பாருங்கள்

1. *ஒழுங்கற்ற பரப்பை அளத்தல்.* காலணித் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தோல் துண்டு ஒன்று, அல்லது ஓர் ஆலிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வரைபடத் தாளில் வைத்து ஓரத்தை வரையுங்கள். முழுக் கட்டங்களை எண்ணுங்கள். பாதிக்கு மேல் நிறைந்த கட்டத்தை ஒன்றாக எண்ணுங்கள். பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். அளவைப் பொறி செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

2. *எதிர்பார்ப்பு ஏடு.* மைதானத்தில் பீல்டர் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் 3 மீட்டர், 6 மீட்டர், 9 மீட்டர் ஆரத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். ஒரே தூரத்திலிருந்து ஒருவரே பந்தை உயரத் தூக்கி எறியட்டும். ஒவ்வொருவரும் 30 பந்துகளைச் சந்திக்க வேண்டும். பந்து எந்த வட்டத்துக்குள் வந்தது, பிடிபட்டதா என்று மட்டும் இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். எல்லாருடைய கணக்கையும் சேர்த்து, வட்டத்துக்கு வட்டம் நிகழ்தகவைக் காணுங்கள். பிறகு ஒவ்வொருவரும் சராசரியைவிட எத்தனை கூட, எத்தனை குறைவு என்று கணக்கிடுங்கள். கணக்குப் போடும் முன்பே, யார் சிறந்த பீல்டர் என்று வகுப்பில் வாக்கெடுத்து ஒரு தாளில் எழுதி மூடி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கடைசியில் பாருங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. மேலே கண்ட கால் வினாடிக் கணக்கில் பந்து காற்றில் 3 வினாடி இருந்தால், இரு பீல்டர்களின் பரப்பு வித்தியாசம் எத்தனை சதவீதம்? அது 56-ஐவிடக் கூடுமா, குறையுமா? ஏன்?

2. ஒரு பீல்டரின் பக்கம் எளிய பந்துகள் மட்டுமே வந்தன. 20-இல் 20-ஐயும் பிடித்தார். இன்னொருவர் பக்கம் கடினமானவை மட்டுமே வந்தன; 20-இல் 6 பிடித்தார். எதிர்பார்ப்புக் கணக்குப்படி யார் முன்னிலையில் இருக்கிறார்? இருவருக்கும் விடை ஒன்றாகவே வந்தால், நீங்கள் வேறு எதைப் பார்த்துத் தீர்மானிப்பீர்கள்?

3. உங்கள் பள்ளியில் மாணவர்களை மதிப்பிட என்னென்ன எண்ணப்படுகின்றன? எண்ணப்படாமல் விடுபட்டுப் போகிற ஒன்றைச் சொல்லுங்கள். அதை அளக்க ஒரு வழி கண்டுபிடிக்க முடியுமா?